பேரேட்டில் இருக்கிறது, பெட்டியில் இருக்கிறதா?

பணம் கையாளும் செயலிகளின் பாதுகாப்பைச் சோதித்துச் சொல்வது என் தொழில். கிரிப்டோ வர்த்தகத் தளம் தொடங்கும் எண்ணத்தோடு வருடத்துக்கு நான்கைந்து பேராவது என்னிடம் வருகிறார்கள். வந்ததும் முதலில் திரையைக் காட்டுவார்கள். விலை ஓடும் வரைபடம், பச்சையும் சிவப்புமாகப் பட்டைகள், வாங்க விற்கப் பொத்தான்கள். எல்லாம் நன்றாகவே செய்திருப்பார்கள். நான் கேட்பது வேறு. "வாடிக்கையாளர்கள் எல்லாருடைய கணக்கையும் கூட்டினால் எத்தனை காயின் வருகிறது? காயினை வைத்திருக்கும் உங்கள் வாலட்டில் இந்த நிமிடம் எத்தனை இருக்கிறது? ரெண்டும் ஒத்துப்போகிறதா?" பெரும்பாலும், "பார்த்துச் சொல்கிறோம் சார்" என்றுதான் பதில் வரும்.

இந்தக் கேள்வியை முதலில் கேட்கும் பழக்கம் எனக்கு, திவாலாகிப்போன மவுண்ட் காக்ஸ் என்ற பிட்காயின் சந்தையின் வரலாற்றைப் படித்த பிறகு வந்தது.

ஜெட் மெக்கலெப் என்ற அமெரிக்கர் 2007-ல் 'மேஜிக்' என்ற சீட்டு விளையாட்டின் சீட்டுகளை இணையத்தில் வாங்கி விற்பதற்காக ஒரு தளப் பெயரைப் பதிவு செய்திருந்தார். அந்த முயற்சி நிலைக்கவில்லை. சும்மா கிடந்த அதே மவுண்ட் காக்ஸ் பெயரில் 2010 ஜூலை 18 அன்று பிட்காயின் சந்தையைத் திறந்தார். அன்றைக்கு ஒரு பிட்காயின் பத்து சென்ட்கூடப் பெறவில்லை. அவ்வளவு மலிவான பொருளுக்காக யாரும் இரும்புப் பெட்டி வாங்குவதில்லை, அதனால் தொடக்கத்தில் அவர் எளிமையாகச் செய்ததை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே வருடத்தில், 2011 ஜூனில், விலை 30 டாலரைத் தாண்டியது. பொருள் பல நூறு மடங்கு ஏறிவிட்டது, பெட்டி மட்டும் பழையதாகவே இருந்தது. இன்றும் புதிய தளங்களில் நான் அதிகம் பார்க்கும் ஆபத்து இதுதான். 'முதலில் ஓடட்டும், பாதுகாப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்கிறார்கள். அந்த அப்புறம் எந்தத் தேதியில் வந்தது என்று யாருக்கும் தெரியாது. ஒரு நாள் காலையில் பார்த்தால் ஊரார் பணம் கோடிக்கணக்கில் உங்கள் சர்வரில் இருக்கும்.

முதல் அடி திருடனிடமிருந்து வரவில்லை, பணம் உள்ளே வரும் வழியிலிருந்தே வந்தது. அந்தக் காலத்தில் டாலர் கட்ட எளிதான வழி, பேபால் என்ற இணையப் பணம் செலுத்தும் சேவை. பேபாலில் கட்டிய பணத்தை, 'நான் கட்டவில்லை, என் கணக்கை யாரோ பயன்படுத்திவிட்டார்கள்' என்று புகார் செய்து திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அனுப்பிய பிட்காயினைத் திரும்ப வாங்க முடியாது. மோசடி செய்கிறவனுக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்? காயினை எடுத்துக்கொண்டு பணத்தையும் திரும்பக் கேட்டார்கள். தொடங்கிய சில மாதங்களிலேயே மெக்கலெப் பேபாலை விட வேண்டியதாயிற்று. அவருக்கு முன்பே 2010 மார்ச்சில் தொடங்கிய பிட்காயின் மார்க்கெட் என்ற தளத்துக்கும் இதே கதிதான். இன்று நம் ஊரில் யு.பி.ஐ. வழியாகத் திருட்டுப் பணத்தில் காயின் வாங்குகிறார்கள். விற்றவரின் வங்கிக் கணக்கு சைபர் கிரைம் புகாரில் முடங்கிப்போகிறது. வழி மாறினாலும் ஓட்டை அதே ஓட்டைதான்.

2011 மார்ச்சில் மெக்கலெப் தளத்தை மார்க் கார்ப்பெலெஸ் என்ற பிரெஞ்சுக்காரருக்குக் கைமாற்றினார். டோக்கியோவில் குடியிருந்தவர் அவர். கைமாறும் அந்தச் சமயத்திலேயே ஏறத்தாழ 80,000 பிட்காயின் திருடு போயிருந்தது. புது முதலாளி பொறுப்பேற்கும்போதே பேரேட்டுக்கும் பெட்டிக்கும் நடுவில் பள்ளம். அதை வெளியில் சொல்லாமல், வரப்போகும் லாபத்தில் நிரப்பிவிடலாம் என்று வைத்துக்கொண்டு கடையைத் திறந்தே வைத்திருந்தால், வாடிக்கையாளர் பார்ப்பது வெறும் எண்தான். திரையில் '10 பிட்காயின்' என்று தெரிவது டேட்டாபேஸில் ஒரு வரி. காயின் இருக்கும் இடம் வேறு.

அதே வருடம் ஜூன் 19 அன்று நடந்ததை எத்தனை தடவை சொன்னாலும் தகும். தளத்தின் உள் கணக்குகளைப் பார்க்க உரிமை இருந்த ஒரு தணிக்கையாளரின் கணினி வழியாக ஒருவன் உள்ளே புகுந்தான். பெருவாரியான காயினை ஒரே மூச்சில் விற்பனைக்கு வைத்தான். சுமார் 17 டாலரில் இருந்த விலை சில நிமிடங்களில் ஒரு சென்ட்டுக்கு விழுந்தது. விலையைத் தள்ளியதில் ஒரு கணக்கு இருந்தது. ஒரு நாளைக்கு 1,000 டாலர் மதிப்புக்கு மேல் எடுக்கக்கூடாது என்று வரம்பு வைத்திருந்தார்கள், ஆனால் அந்த வரம்பு டாலரில் இருந்தது. விலை விழுந்தால் அதே 1,000 டாலருக்கு எத்தனை காயினை வெளியே கொண்டுபோகலாம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். தாக்குகிறவன் தொடக்கூடிய விலையை வைத்தே பூட்டின் வலிமையை அளந்திருந்தார்கள். நான் சோதிக்கும் தளங்களில் வரம்பைக் காயின் எண்ணிக்கையிலும் வைக்கச் சொல்கிறேன். விலை திடீரென்று சரிந்தால் பணம் எடுப்பது தானாகவே நிற்க வேண்டும் என்பேன்.

அதே நாட்களில் சுமார் 60,000 பேரின் பயனர் பெயரும், பாஸ்வேர்டை நேரடியாகத் தெரியாதபடி மாற்றி வைத்த ஹாஷும் வெளியே கசிந்தன. எம்.டி.5 என்ற பழைய முறையில் சேமித்தவை அவை, சிலவற்றுக்கு, ஒவ்வொரு பாஸ்வேர்டோடும் வேறு வேறு எழுத்துகளைக் கலக்கும் 'உப்பு' என்ற எளிய பாதுகாப்புகூட இல்லை. ஒரே பாஸ்வேர்டை இரண்டு இடத்தில் வைத்திருந்தவர்கள் மற்ற தளங்களிலும் பணத்தை இழந்தார்கள்.

விற்பனைகளை ரத்து செய்தார்கள். சில நாட்களில் கார்ப்பெலெஸ் 4,24,242 பிட்காயினை ஒரே பரிமாற்றத்தில் நகர்த்திக் காட்டி, காயின் தம்மிடம்தான் இருக்கிறது என்று எல்லாருக்கும் நிரூபித்தார். மக்கள் நம்பினார்கள். எனக்கு அந்த நிரூபணம் பாதியாகத்தான் படுகிறது. பெட்டியில் எவ்வளவு என்று காட்டினார். யார் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற இன்னொரு பக்கத்தைக் காட்டவில்லை. இன்றைக்கும் பல தளங்கள் 'இருப்புச் சான்று' என்று பெரிதாகப் போடும்போது கடன் பக்கம் எங்கே என்று நான் தேடுவது இதனால்தான்.

மூன்று மாதம் கழித்து, 2011 செப்டம்பரில், பெரிய திருட்டு தொடங்கியது. காயினை நகர்த்த உதவும் ரகசியச் சாவிகளான பிரைவேட் கீகள் இருந்த தளத்தின் வாலட் கோப்பு திருடர்கள் கைக்குப் போயிற்று. பிரைவேட் கீயை நகல் எடுத்தால் மூலம் அங்கேயே இருக்கும். எதுவும் காணாமல் போகாது, அலாரம் அடிக்காது. கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டே இருந்தார்கள். அமெரிக்க நீதித்துறை 2023-ல் வெளியிட்ட குற்றச்சாட்டின்படி இப்படிப் போனது சுமார் 6,47,000 பிட்காயின். 2014 பிப்ரவரி 7 அன்று, வாடிக்கையாளர்கள் பிட்காயின் எடுப்பதை மவுண்ட் காக்ஸ் நிறுத்தியது, 24-ஆம் தேதி தளம் இருண்டது, 28-ஆம் தேதி டோக்கியோ நீதிமன்றத்தில் திவால் மனு. 8,50,000 பிட்காயின் இல்லை என்றார்கள். அதன்பிறகு ஒரு பழைய வாலட்டில் 2,00,000 இருப்பதைக் 'கண்டுபிடித்தார்கள்'. இதைப் படித்தபோது எனக்குத் திருட்டைவிட இதுதான் அதிகம் உறுத்தியது. தன்னிடம் இருப்பது எவ்வளவு என்றே தெரியாமல் ஒரு சந்தை நடந்திருக்கிறது.

நம் ஊர் நகைக்கடையில் ராத்திரி கடை சாத்தும்முன் தட்டுத் தட்டாக எண்ணி, எடை போட்டு, ஏட்டோடு ஒத்துப் பார்த்துத்தான் லாக்கரில் வைப்பார்கள். ஒரு மோதிரம் குறைந்தால் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. அந்த வேலையை மவுண்ட் காக்ஸில் தினமும் செய்திருந்தால் திருட்டு நடக்காமல் இருந்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும்.

அந்தக் காலத்தின் மற்ற தளங்கள் வேறு வேறு விதமாக விழுந்தன. போலந்தில் பிட்டோமாட் என்ற சந்தை, 2011 ஜூலையில் அமேசானில் வாடகைக்கு எடுத்த சர்வரின் அமைப்பை மாற்றி மறுபடி இயக்கியதில் வாலட் கோப்பு அழிந்து 17,000 பிட்காயினை இழந்தது. திருடனே இல்லை, பேக்கப் இல்லை, அவ்வளவுதான். 2012 மார்ச்சில் பிட்காயினிகா 43,000-க்கும் மேல் இழந்தது. அதன் சர்வரை வைத்திருந்த லினோட் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பகுதி வழியாகப் புகுந்தார்கள். நியூயார்க்கின் பிட்ஃப்ளோர் அதே ஆண்டு செப்டம்பரில் 24,000 இழந்தது. காரணம், பூட்டு இல்லாமல் எடுத்து வைத்த ஒரு பேக்கப். ஒருவருக்குப் பேக்கப் இல்லாததால் நஷ்டம், இன்னொருவருக்குப் பேக்கப் இருந்ததால் நஷ்டம். பேக்கப்பை மறையாக்கம் செய்து, இணையத்தில் இல்லாத இடத்தில், இரண்டு ஊர்களில் வையுங்கள். வருடத்துக்கு ஒரு தடவையாவது அதிலிருந்து மீட்டுப் பாருங்கள்.

இன்னொன்றைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், புதியவர்கள் எல்லாரும் விழும் குழி இது. 2014 மார்ச்சில் போலோனியெக்ஸ் தளத்தில் ஒருவன் ஒரே நொடியில் பல பணமெடுப்புக் கோரிக்கைகளை அனுப்பினான். நிரல் ஒவ்வொன்றுக்கும் இருப்பைப் பார்த்தது, எல்லாவற்றுக்கும் 'இருக்கிறது' என்றது, அதன்பிறகுதான் கழித்தது. தளத்திலிருந்த பிட்காயினில் 12.3 விழுக்காடு போயிற்று. அந்த நஷ்டத்தை எல்லா வாடிக்கையாளர் கணக்கிலும் பங்கிட்டுக் கழித்து, பிறகு திருப்பிக் கொடுத்தார்கள். போன வருடம் நான் பார்த்த ஒரு சிறு தளத்தின் சோதனைச் சூழலில் 500 ரூபாய் இருப்பு வைத்து ஒரே நேரத்தில் இருபது கோரிக்கை அனுப்பினேன். பதினொன்று வெற்றி. எழுதிய பையன் திறமைசாலி, ஒவ்வொன்றாகச் சோதித்ததில் எல்லாம் சரியாக வந்திருந்தது. இருப்பைப் பார்ப்பதும் கழிப்பதும் டேட்டாபேஸில் ஒரே பூட்டுக்குள், ஒரே வேலையாக நடக்க வேண்டும். தொகையைத் தசம எண்ணாக வைக்காதீர்கள். ஒரு பிட்காயின் 10 கோடி சதோஷி, முழு எண்ணாகவே வையுங்கள்.

இணையத்தோடு இணைந்த ஹாட் வாலட்டில் ஒரு நாள் தேவைக்கு மட்டும், மீதி இணையத்தில் இல்லாத கோல்ட் வாலட்டில் என்பது இப்போது எல்லாருக்கும் தெரியும். பல பேர் கையொப்பம் போட்டால்தான் நகரும் மல்டிசிக் வாலட்டும் வந்துவிட்டது. அதுவும் போதாது என்பதை 2024 ஜூலை 18 அன்று நம் நாட்டின் வாசிர்எக்ஸ் என்ற கிரிப்டோ சந்தை காட்டியது. மல்டிசிக் வாலட்டிலிருந்தே சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள காயின் போனது. திரையில் கண்டதும் கையொப்பம் இட்டதும் வேறு வேறாக இருந்தன என்று அந்த நிறுவனம் சொன்னது. தமிழ்நாட்டிலும் எத்தனையோ பேர் சேமிப்பை அதில் வைத்திருந்தார்கள். மவுண்ட் காக்ஸில் பணம் போட்டவர்களுக்குக் காயின் திரும்பி வரத் தொடங்கியதும் அதே மாதம்தான். பத்து வருடம் காத்திருந்தார்கள்.

அந்தப் பதினொன்று வெற்றி கண்ட தளத்துக்கு வருகிறேன். திறப்பு விழாவை ஒரு மாதம் தள்ளிப்போடச் சொன்னேன், கோபப்படாமல் ஒப்புக்கொண்டார்கள். பேரேட்டையும் வாலட்டையும் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஒத்துப் பார்க்கும் சிறு நிரலை எழுதினோம். வித்தியாசம் வந்தால் பணம் எடுப்பது தானாக நின்றுவிடும், இருவர் சேர்ந்து பார்த்துத்தான் திறக்க முடியும். முதல் ராத்திரியே நின்றது. வித்தியாசம் சில ஆயிரம் சதோஷி, நம் பணத்தில் சில நூறு ரூபாய்தான். "இதுக்குப் போய் நிறுத்தணுமா சார்?" என்று கேட்டார்கள். காரணம் தெரியும்வரை திறக்க வேண்டாம் என்றேன். மூன்றாம் நாள் கிடைத்தது. பணம் எடுக்கும்போது நெட்வொர்க்குக்குப் போகும் கட்டணத்தைப் பேரேட்டில் எழுதவே இல்லை.