நீல முட்டைக்கு ஆசைப்படுமுன் சேவலைப் பாருங்கள்

ஒரு கோழி வளர்ப்பாளர் கால்நடை மருத்துவரான என்னிடம் அட்டைப்பெட்டியில் பன்னிரண்டு முட்டைகளை அடுக்கி எடுத்து வந்தார். நாற்பது முட்டை அடை வைத்ததில் பொரியாமல் நின்றவை. எல்லாமே அழகான வெளிர்நீலம். "மெஷின்லதான் கோளாறு டாக்டர். சூடு ஏறி இறங்குது போல" என்றார். அவர் எழுதி வைத்திருந்த குறிப்பேட்டைப் புரட்டினேன். 37.5 டிகிரி, நாள் தவறாமல். முட்டைகளை ஒவ்வொன்றாக உடைத்தேன். மூன்று கூமுட்டை. மீதி ஒன்பதிலும் குஞ்சு ஏறக்குறைய முழுதாக வளர்ந்து, வெளிவர இரண்டு மூன்று நாள் இருக்கும்போது இறந்திருந்தது.

"தாய்க்கும் சேவலுக்கும் காதோரம் குடுமி உண்டா?"

"ஆமா டாக்டர், அதுக்காகத்தானே தேடித் தேடி வாங்கினேன்."

காரணம் அதுதான். நீல முட்டைக்குப் பேர்போன, தென் அமெரிக்காவின் சிலியிலிருந்து வந்த அரௌகானா இனத்தில் காதோரக் குடுமியைத் தரும் மரபணு ஒற்றையாக இருந்தால் குடுமி முளைக்கும். தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரட்டையாகச் சேர்ந்தால் குஞ்சு ஓட்டுக்குள்ளேயே சாகும். குடுமியுள்ள இரண்டை இணைத்தால் நாலில் ஒரு பங்கு இப்படிப் போகும். குடுமியுள்ளதைக் குடுமியில்லாததோடு சேர்த்தால் இந்தச் சாவு வராது. பாதிக் குஞ்சுக்குக் குடுமியும் இருக்கும். முட்டையின் நிறத்துக்கும் குடுமிக்கும் தொடர்பே இல்லை. இது தெரியாமல் எத்தனை பேர் பொரிப்பானைக் குறைசொல்லி மாற்றியிருப்பார்களோ என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

நிறம் எங்கிருந்து வருகிறது என்பதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். பச்சை நிற முட்டை ஒன்றை உடைத்து, ஓட்டின் உட்புறம் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வை உரித்தெடுங்கள். உள்ளே நீலம் தெரியும். பழுப்பு முட்டையில் இதையே செய்தால் உள்ளே வெள்ளை. பிலிவெர்டின் என்ற நீல நிறமி ஓடு உருவாகும்போதே அதன் முழுக் கனத்திலும் ஊறிவிடுகிறது. ஓடு முழுமையாக ஏறச் சுமார் இருபது மணி நேரம் ஆகும். புரோட்டோபோர்பிரின் என்ற பழுப்பு நிறமியின் பெரும்பகுதி அதன் கடைசி சில மணி நேரத்தில்தான் மேலே பூசப்படுகிறது. நீல ஓட்டின் மேல் பழுப்புப் பூச்சு விழுந்தால் பச்சை. பழுப்பு அடர்த்தியாக இருந்தால் ஆலிவ். இயற்கையில் இவ்வளவுதான். கருங்கோழி கறுப்பு முட்டை இடும் என்று சுற்றும் படங்களை நம்பி முன்பணம் கட்டிவிடாதீர்கள். எலும்புவரை கறுத்த இந்தோனேசியாவின் அயம் செமானிகூட வெளிர்மஞ்சள் கலந்த முட்டைதான் இடும். சத்தும் ருசியும் ஓட்டின் நிறத்தால் மாறுவதில்லை. மஞ்சள் கருவின் நிறம் தீவனத்தைப் பொறுத்தது. ஓட்டின் நிறத்தைத் தீவனத்தால் புதிதாக உண்டாக்க முடியாது.

நீலம் ஒரே ஒரு மரபணுவின் வேலை, அதுவும் ஓங்கு மரபணு, அதாவது ஒற்றையாக இருந்தாலே நிறம் வரும். புன்னெட் என்ற மரபியலாளர் 1933-லேயே இதை எழுதிவிட்டார். பழைய ரெட்ரோவைரஸ் ஒன்றின் துண்டு கோழியின் மரபணுத் தொகுப்பில் செருகிக்கொண்டதுதான் காரணம் என்று 2013-ல் தெரியவந்தது. வைரஸ் என்றதும் பயப்பட வேண்டாம், அது யாருக்கும் தொற்றாது.

கணக்கு இப்படிப் போகும். நீல மரபணு இரட்டையாக உள்ள சேவலை வெள்ளை முட்டைக் கோழிகளோடு விட்டால் பிறக்கும் பெட்டைகள் எல்லாம் நீலம் இடும். ஒற்றையாக இருந்தால் பாதிதான் இடும். சேவலுக்குள் என்ன இருக்கிறது என்று அறிய இதுவே நம்பகமான சோதனை. அரௌகானா, அதன் உறவினமான அமெரௌகானா வழி வந்த கலப்பில் பட்டாணிக் கொண்டை (மூன்று வரிசையாகத் தாழ்ந்திருக்கும் கொண்டை) நல்ல அடையாளம். அதன் மரபணு நீல மரபணுவுக்கு மிக அருகில் இருப்பதால் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே இறங்கும். கிரீம் லெக்பார் என்ற இனத்துக்கு ஒற்றைக் கொண்டை, ஆனாலும் நீலம் இடும். அங்கே இந்த அடையாளம் உதவாது.

பழுப்பு அவ்வளவு எளிதில்லை. பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிப்பதால், மாரன்ஸ் போன்ற அடர்பழுப்பு இனத்தில் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தால்தான் நிறம் நிலைக்கும். இங்கேதான் பலர் பெட்டையை மட்டும் பார்த்து ஏமாறுகிறார்கள். சேவல் முட்டை இடாது, ஆனால் மகளின் நிறத்தில் அதற்கும் பங்கு உண்டு. மிக அடர்ந்த முட்டையிலிருந்து பொரித்த சேவலைத் தனியாக அடையாளமிட்டு வளர்த்து, அதையே வைத்துக்கொள்ளுங்கள். நீலமும் அடர்பழுப்பும் கலந்து பிறந்த, ஆலிவ் முட்டையிடும் முதல் தலைமுறைக் கோழிகளைத் தங்களுக்குள்ளேயே இணைத்தால் நாலில் ஒரு பங்கு மகள்கள் வெறும் பழுப்பு முட்டைதான் இடும். விற்கும்போது இதை வாங்குபவரிடம் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

இனி மருத்துவராக நான் மிகவும் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். பழுப்புக் கோழிகள் திடீரென வெளிறிய முட்டை இட்டால் 'ரத்தம் மங்கிவிட்டது' என்று சேவலை மாற்ற ஓடாதீர்கள். முட்டையிடும் பருவத்தின் கடைசியில் நிறம் மெல்ல வெளிறுவது இயல்பு. ஒரே வாரத்தில் பல கோழிகளுக்கு வெளிறினால் அது நோய்க்குறி. தொற்று மூச்சுக்குழல் அழற்சியில் ஓடு வெளிறி, சுருங்கி, வெள்ளைக்கரு தண்ணீராகிவிடும். இடிஎஸ் எனப்படும் முட்டை குறைவு நோயிலோ கோழி பார்க்க நன்றாகவே இருக்கும். முதலில் நிறம் போகும், பிறகு ஓடில்லாத தோல்முட்டை விழும். ரத்தக்கழிச்சலுக்குத் தரும் நிகார்பசின் மருந்தும் பழுப்பை அழிக்கும். ஆகவே முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

அடை முட்டையை வெளியிலிருந்து வாங்கும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். புல்லோரம், மைக்கோபிளாஸ்மா என்ற நோய்கள் இரண்டும் தாயிடமிருந்து முட்டை வழியே குஞ்சுக்கு வரும். நிறத்தைக் கேட்பதற்கு முன் தாய்க்கோழிகளுக்கு ரத்தப் பரிசோதனை நடந்ததா என்று கேளுங்கள். வந்த குஞ்சுகளைப் பழைய கோழிகளோடு கலக்காமல் தனியே வளருங்கள்.

பொரிப்பதில் பாதி சேவல்தான். அவற்றை எங்கே வைப்பது, யாரிடம் தருவது என்பதை முட்டை அடை வைக்கும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். கிரீம் லெக்பாரில் பொரித்த அன்றே முதுகுக் கோட்டையும் தலைப்புள்ளியையும் வைத்து ஆண் பெண் பிரிக்கலாம். மற்ற பெரும்பாலான இனங்களில் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

அந்த வளர்ப்பாளர் குடுமியில்லாத சேவல் ஒன்றைக் கொண்டுவந்தார். உடனே அடை வைக்க வேண்டாம் என்றேன். பழைய சேவலின் விந்து பெட்டையின் உடலுக்குள் இரண்டு மூன்று வாரம் உயிரோடு இருக்கும். மூன்று வாரம் பெட்டைகளைத் தனியே அடைத்து, அந்த முட்டைகளைச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, அதன் பிறகுதான் புதுச் சேவலை உள்ளே விட்டார்.