சொல் விளக்கம்: சீஸ், இறுகல், கறட்பிடி

எண்பதுகளில் வந்த டொயோட்டா கொரோலா ஒன்று எங்கள் வீட்டில் இன்னும் ஓடுகிறது. பின் ஷொக் அப்சோபர் இரண்டும், நாங்கள் சுருக்கி ஷொக் என்பவை, எண்ணெய் கசிந்துவிட்டன. பள்ளத்தில் இறங்கினால் நாலு தரம் ஆடித்தான் அடங்கும். மாற்றுவோம் என்று யாழ்ப்பாணத்தில் ஒரு கராச்சுக்குக் கொண்டுபோனேன். மேல் நட்டு ஒருவாறு கழன்றது. கீழே, ஷொக்கை அச்சோடு பிணைக்கிற போல்ற்றில் வேலை நின்றுபோயிற்று. உதவிக்கு நின்ற பெடியன் ஸ்பனரை எடுத்துவிட்டு, "அண்ணை, போல்ற் சீஸ்" என்றான், அசையாமல் சிக்கிக்கொண்டது என்ற கருத்தில். மெக்கானிக் அண்ணை கீழே படுத்து, ரோச் அடித்துப் பார்த்தார். "இது கறள் பிடிச்சது. அடியாதை, முறிஞ்சிடும்" என்றார்.

இரண்டு பேரும் பார்த்தது ஒரே போல்ற்றை. ஆனால் அண்ணையின் சொல்லுக்குள் காரணமும் (கறள், அதாவது துரு) இருந்தது, அடுத்துச் செய்ய வேண்டியதும் இருந்தது. பெடியனின் சொல்லில் அவை இல்லை.

'சீஸ்' (seize) பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். முதலில் அது நிலவுடைமைக் காலத்துச் சட்டச் சொல்லாக இருந்தது. ஒருவருக்கு நிலத்தை உரிமையாக்கிக் கையில் கொடுப்பதை அது குறித்தது. பிறகு ஒரு பொருளைக் கைப்பற்றுவது, எட்டிப் பிடிப்பது என்று பொருள் விரிந்தது. இயந்திரங்கள் பெருகிய பின்னர், அசைய வேண்டிய இரண்டு பாகங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றுபோவதையும் அதே சொல்லால் சொன்னார்கள். அகராதியைத் திறந்து முதலில் கண்ட பொருளை எடுத்து 'பறிமுதல் செய்யப்பட்ட போல்ட்' என்று எழுதினால் பிழை. பறிமுதல் பொலிசும் சுங்கமும் செய்கிற வேலை. இங்கே பொருந்துவது 'பிடி' என்ற பொருள்தான். அதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

ஆங்கிலம் ஒரே சொல்லுக்குள் பல நோய்களை அடைத்துவிடுகிறது. ஓயில் இல்லாமல் ஓடி, சூட்டில் பிஸ்ரன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டாலும் சீஸ்தான். யாரோ ஒருவர் நீளக் குழாய் போட்டு அளவுக்கு மிஞ்சி முறுக்கிய நட்டும் சீஸ்தான். இருபது வருடம் உப்புக்காற்றில் கிடந்த போல்ற்றும் சீஸ்தான். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

தமிழில் முதலிரண்டுக்கும் 'இறுகல்' நன்றாகப் பொருந்தும். இறுக்கு என்றால் நாம் செய்வது, இறுகு என்றால் தானாக நடப்பது. நட்டை இறுக்குகிறோம், சீமெந்து இறுகுகிறது, பனங்கட்டிக்குக் காய்ச்சும் பாகு இறுகுகிறது. எஞ்சின் இறுகிப் போச்சு என்று யாழ்ப்பாணத்தில் யாரும் சொன்னால் விளங்கும். வெறுமனே இறுகிய நட்டுக்கு வைத்தியம் பலம்தான்: நீளமான கைப்பிடி, சரியாகப் பொருந்தும் ஆறுமுனைச் சொக்கெற், நிதானமான இழுவை.

கறள் வேறு. தமிழகத்தில் துரு என்பதை நாங்கள் கறள் என்போம். கறள் பிடித்த கத்தி, கறள் கட்டின தகரம் என்று அடுக்களையிலிருந்து வேலி வரைக்கும் வரும் சொல். கறை, கறுப்பு, கறள் மூன்றையும் ஒரு குடும்பமாகப் பார்ப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. இரும்பின் மேல் ஏறிய கறைதானே கறள். 'துரு' பிழையில்லை, நல்ல தமிழ். ஆனால் வாயில் ஒரு சொல் உயிரோடு இருக்கும்போது அதை எழுத்தில் ஒளிக்க வேண்டியதில்லை.

இந்தச் சொல்லோடு எப்போதும் கூட வருகிற வினையைப் பாருங்கள்: பிடித்தல். சளி பிடிக்கும், பாசி பிடிக்கும், பூஞ்சணம் பிடிக்கும், சனி பிடிக்கும். எல்லாம் வெளியிலிருந்து வந்து, இருந்து, விடாமல் பற்றிக்கொள்பவை. கறளும் அப்படியே வந்து பிடிக்கிறது. பிடித்த பிறகு போல்ற்றையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. 'சீஸ்' சொல்ல வந்த 'பிடி' எங்கள் சொல்லுக்குள் முன்பே இருக்கிறது. அதனால் கறளால் சிக்கிய நிலைக்கு ஒரு பெயர் வேண்டுமென்றால் 'கறட்பிடி' என்பேன். அருள், பா சேர்ந்து அருட்பா ஆவதைப் போலக் கறள், பிடி சேர்ந்து கறட்பிடி. கறட்பிடி போல்ற், கறட்பிடி நட்டு என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு தடுக்காது.

பெயர் சும்மா அலங்காரத்துக்கு இல்லை. இரும்பு நீரோடும் காற்றோடும் சேர்ந்து கறளாகும்போது, முன்பு இருந்த இடத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தைக் கேட்கும். போல்ற்றின் புரிக்கும் (முறுக்கு வரிக்கும்) நட்டின் புரிக்கும் நடுவில் இருப்பதோ மயிரளவு இடைவெளி. கறள் அதற்குள் வீங்கி ஆப்பு இறுக்கிவிடுகிறது. உப்பு இந்த வேலையை விரைவுபடுத்தும். மூன்று பக்கமும் கடல், நடுவில் களப்பு என்று இருக்கிற எங்கள் குடாநாட்டில், பண்ணைப் பாலத்தால் தீவுப்பக்கம் நாளாந்தம் போய்வருகிற காரின் அடிப்பக்கத்தைக் குனிந்து பார்த்தாலே போதும்.

ஷொக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. கீழ்க் கண்ணிக்குள் ஒரு ரப்பர் புஷ், அதற்குள் ஒரு சின்ன இரும்புக் குழாய், அந்தக் குழாய்க்குள்தான் போல்ற் போகிறது. எங்கள் காரில் நட்டு ஒழுங்காகக் கழன்றுவிட்டது. அப்புறம் போல்ற்றின் தலையைத் திருப்பினால் அது வரவில்லை. குழாயும் சேர்ந்து திரும்ப, ரப்பர் முறுகி 'கீச்' என்று கத்தியது. கையை விட்டதும் பழைய இடத்துக்கே திரும்பிப் போனது. அதாவது கறள் பிடித்தது புரியில் இல்லை, போல்ற்றின் நடு உடம்பில். பிடி எங்கே என்று தெரியாமல் நட்டுப் பக்கம் மட்டும் எண்ணெய் விட்டிருந்தால் ஒரு கிழமைக்கும் வந்திராது.

அண்ணை கம்பித் தூரிகையால் இரண்டு பக்கத்தையும் சுரண்டினார். மண்ணெண்ணெயோடு கழிவு ஓயில் கொஞ்சம் கலந்து, குழாயின் இரண்டு வாயிலும் விட்டார். "இண்டைக்கு இனித் தொடாதேங்கோ தம்பி. நாளைக்குப் பாப்பம்" என்றார். ஊறுவதற்கு நேரம் கொடுப்பதுதான் கறட்பிடிக்கு முதல் மருந்து. அடுத்த நாள் முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூல், பிறகு கழற்றும் பக்கம் ஒரு நூல், மறுபடி எண்ணெய் என்று முன்னும் பின்னும் ஆட்டினார். கறள் மாவாக உதிர்ந்து எண்ணெயோடு செம்மண் குழம்புபோல் வடிந்தது. அரை மணித்தியாலத்தில் போல்ற் கையோடு வந்தது. புரி புதுசுபோல இருந்தது; நடுவில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்குக் கபில நிறப் பட்டி.

அந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். தொண்ணூறுகளில் போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொரிஸ் மைனரும் இங்கே மண்ணெண்ணெயில் ஓடின. உதிரிப்பாகம் வராது. ஒரு போல்ற் முறிந்தால் கார் மாதக்கணக்கில் முற்றத்தில் நிற்கும். முறிக்காமல் கழற்றுவது அந்தத் தலைமுறைக் கைகளுக்குக் கட்டாயமாக இருந்தது.

எண்ணெய்க்கு மசியாவிட்டால் சூடு. 12 மில்லிமீற்றர் துளை 300 பாகை சூடேறினால் 0.04 மில்லிமீற்றர் அளவுதான் விரியும். ஆனால் கறளின் பிடி உடைய அது பெரும்பாலும் போதும். ஷொக்கின் பக்கத்தில் மட்டும் நெருப்பைக் கொண்டுபோக மிகவும் யோசிக்க வேண்டும். ரப்பர் எரியும், பிரேக் குழாய் அருகில் ஓடும், பின் பக்கத்தில் பெற்றோல் தாங்கி இருக்கும். பல ஷொக்குகளுக்குள் அழுத்தம் ஏற்றிய நைதரசன் இருக்கிறது. அதன் உடம்பைச் சூடாக்கவும் கூடாது, வெட்டவும் கூடாது. அந்த இடத்தில் போல்ற்றின் இரண்டு பக்கத்தையும் அறுத்து எடுப்பதே மேல். எப்படியும் பழைய ஷொக் கழிவுக்குத்தான் போகிறது. அதே காரணத்தால், மேல் நட்டோடு ஷொக்கின் தண்டும் சேர்ந்து சுற்றினால் அதைப் பிடிகுறட்டால் கடித்துப் பிடிக்கவும் தயங்க வேண்டாம்.

முன் பக்கத்தில் ஸ்ப்ரிங்கும் ஷொக்கும் ஒன்றாக வருகிற கார்களில், நடு நட்டை மட்டும் தனியாகக் கழற்றவே கூடாது. ஸ்ப்ரிங்கை அதற்குரிய கருவியால் அமுக்கிய பிறகுதான் தொட வேண்டும். இல்லாவிட்டால் ஆளைக் கொன்றுவிடும். ஜக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே போவதும் அப்படித்தான்.

மற்றச் சொற்களையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். ஆங்கிலத்தில் போல்ற் என்பது முதலில் குறுக்குவில்லில் வைத்து எய்கிற குட்டை அம்பின் பெயர். நட் என்றால் கொட்டை. தமிழில் மரையாணி, சுரை. சுரைக்கு உட்டுளை என்று பொருள். தோட்டுக்குப் பின்னால் போட்டு முறுக்கும் சுரையை எல்லா வீட்டிலும் தெரியும். நட்டு அதன் பெரிய உருவம். புரி என்றால் முறுக்கு, முப்புரி நூலிலும் வலம்புரிச் சங்கிலும் இருப்பது அதே புரி. ஷொக் அப்சோபருக்கு 'அதிர்ச்சி உறிஞ்சி' என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் மனமில்லை. குழியின் அடியை வாங்குவது ஸ்ப்ரிங். அதன் ஆட்டத்தை அடக்குவதுதான் ஷொக். ஆகவே 'அதிர்வு தணிப்பான்' சரி.

களிம்பு என்ற சொல்லை இங்கே கொண்டுவர வேண்டாம் என்று கேட்டுக்கொள்வேன். அது செம்பின் பச்சைக் கறைக்கு உரிய சொல். செம்பு உண்டான அன்றே களிம்பும் உண்டு என்பதால்தான் சைவ சித்தாந்தம் அதை, உயிரோடு தொடக்கமில்லாமலே ஒட்டியிருக்கும் ஆணவ மலத்துக்கு உவமையாக எடுத்தது. ஆணியின் கறள் கூடப் பிறந்ததில்லை, பிறகு வந்து பிடித்தது. வராமல் மறிக்கலாம். மறிப்பதற்காகப் பூசுகிற செம்புத்தூள் கிறீசுக்குக் 'கறட்காப்பு' என்று பெயர் வைத்தால் என்ன?

புதுப் போல்ற்றின் நடு உடம்பில் அண்ணை அதை விரலால் மெல்லிசாகத் தடவினார். புரியில் பூசவில்லை, பூசினால் நட்டு வழுக்கிக்கொண்டு அளவுக்கு மேல் இறுகிவிடும் என்றார். நட்டைக் கையால் மட்டும் முறுக்கி வைத்து, காரை இறக்கி, நாலு சில்லும் நிலத்தில் பாரம் வைத்த பிறகு மறுபடி கீழே போய்க் கடைசி இறுக்கு இறுக்கினார். தூக்கி நிற்கும்போதே இறுக்கினால் ரப்பர் முறுகிய நிலையிலேயே கிடந்து கிழிந்துபோகுமாம்.