வைக்கோல் தொப்பிக் காவலாளி எப்படிப் பார்க்கிறான்?

‘ஷேடோ டாக்டிக்ஸ்’ என்ற வீடியோ கேமில் வைக்கோல் தொப்பி அணிந்த ஒரு காவலாளி வருவான். அவனுக்குப் பெயர் கிடையாது, கதையிலும் இடம் கிடையாது. ஒரு வாசலையோ முற்றத்தையோ பார்த்தபடி நிற்பதுதான் அவன் வேலை. ஆனால் அந்த கேமில் நம்மை மணிக்கணக்கில் யோசிக்க வைப்பவன் அவன்தான்.

ஜெர்மனியின் மியூனிக் நகரில் இயங்கிய மிமிமி என்ற சிறிய நிறுவனம் உருவாக்கிய இந்த கேம் 2016 டிசம்பரில் வெளிவந்தது. கதை நடப்பது ஜப்பானில். 1615இல் ஒசாகா கோட்டை முற்றுகையோடு தொடங்குகிறது. ஆடுபவரிடம் ஐந்து பேர் இருக்கிறார்கள்: நிஞ்ஜா ஹயாத்தோ, சாமுராய் முகென், திருட்டில் கைதேர்ந்த சிறுமி யூகி, மாறுவேடம் போடும் ஐகோ, மரக்கால் வைத்த துப்பாக்கி வீரர் தகுமா. எதிரே கோட்டை நிறையக் காவலாளிகள். அவர்கள் கண்ணில் படாமல் உள்ளே புகுந்து வேலையை முடிக்க வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஹயாத்தோ எந்தப் புதருக்குள் ஒளிந்தாலும் அவன் நிற்கும் இடம் கணினிக்குத் துல்லியமாகத் தெரியும். அவனை அங்கே நிறுத்தி வைத்திருப்பதே கணினிதான். எல்லாம் தெரிந்த காவலாளியை எழுதுவது மிகச் சுலபம், அந்த இடத்தை நோக்கி ஓடச் சொன்னால் போதும். தெரியாத காவலாளியை எழுதுவதுதான் கஷ்டம். அவனுக்கு எது தெரியக்கூடாது, எப்போது தெரிய வேண்டும், தெரிந்ததை எப்போது மறக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கட்ட வேண்டும். இந்த வகை கேம்களில் நான் மிகவும் மதிக்கும் கைவேலை இதுதான்.

முதலில் பார்வை. பொதுவாக இது மூன்று கேள்விகளாக எழுதப்படும். ஹயாத்தோ எவ்வளவு தூரத்தில் இருக்கிறான்? பார்வை எல்லைக்கு அப்பால் இருந்தால் கணக்கு அங்கேயே முடிந்துவிடும். எல்லைக்குள் இருந்தால் அடுத்த கேள்வி: காவலாளி அந்தப் பக்கம் பார்த்திருக்கிறானா? இதற்கு பள்ளியில் படித்த வெக்டர் கணிதம் உதவுகிறது. காவலாளியின் முகம் நோக்கும் திசை ஒரு வெக்டர், அவனிடமிருந்து ஹயாத்தோ இருக்கும் திசை இன்னொரு வெக்டர். இரண்டின் நீளத்தையும் 1 என்று வைத்துக்கொண்டு புள்ளிப் பெருக்கல் செய்தால் ஒரே ஓர் எண் கிடைக்கும். நேர் எதிரே இருந்தால் 1, பக்கவாட்டில் இருந்தால் 0, முதுகுக்குப் பின்னால் இருந்தால் -1. பார்வை இருபுறமும் 60 டிகிரி விரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த எண் 0.5ஐத் தாண்டுகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும், கோணத்தைக் கண்டுபிடிக்கவே தேவையில்லை.

மூன்றாவது கேள்வி, நடுவில் ஏதாவது மறைக்கிறதா என்பது. காவலாளியின் கண்ணிலிருந்து ஹயாத்தோவை நோக்கி ஒரு கற்பனைக் கோடு இழுத்து, அது சுவரிலோ வண்டியிலோ முட்டுகிறதா என்று சோதிக்கிறார்கள். இதை ரேகாஸ்ட் என்பார்கள். மூன்றில் அதிகம் செலவு வைக்கும் கணக்கு இதுதான், அதனால் கடைசியில் வைக்கிறார்கள். நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம், ஓடும் கேமில் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 16.7 மில்லிநொடி. படம் வரைவது, ஒலி, அசைவு எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். அதனால் எல்லாக் காவலாளிகளையும் எல்லா ஃபிரேமிலும் சோதிக்காமல், முறைவைத்துச் சோதிப்பதும் உண்டு.

சரி, கண்ணில் பட்டுவிட்டான். உடனே மணியடித்துவிட்டால் யாராலும் அந்த கேமை ஆட முடியாது. மிமிமி இதைத் தீர்த்த விதம் அழகானது. காவலாளியின் பார்வை பச்சை நிற விசிறியாகத் தரையில் விரிந்திருக்கும். ஹயாத்தோ அதற்குள் காலெடுத்து வைத்ததும், காவலாளியின் காலடியிலிருந்து மஞ்சள் நிறம் பரவத் தொடங்கும். அது ஹயாத்தோவைத் தொட்டால்தான் அவன் மாட்டிக்கொண்டான் என்று அர்த்தம். பக்கத்தில் நின்றால் மஞ்சள் சீக்கிரம் வந்து சேரும், தூரத்தில் நின்றால் தப்பி ஓட அவகாசம் கிடைக்கும். அருகில் இருப்பதைச் சட்டென்று கவனிப்பதும் தொலைவில் இருப்பதைத் தயங்கிக் கவனிப்பதும் மனித இயல்பு. அது முழுவதும் பரவும் ஒரு நிறத்துக்குள் வந்துவிட்டது. விசிறியின் தொலைவான பகுதி கோடுகளாக இருக்கும், அங்கே குனிந்து நடந்தால் அவன் கண்ணுக்குப் படாது.

நிஜ மனிதக் கண்ணின் பார்வைப் பரப்பு இடமிருந்து வலமாக ஏறக்குறைய 200 டிகிரி. அப்படியே கேமில் வைத்தால் ஒரு காவலாளியைக்கூடச் சுற்றிக்கொண்டு போக முடியாது. அதனால் கண் சுருக்கப்பட்டிருக்கிறது.

காது விஷயம் இன்னும் எளிமை. கேமில் காவலாளி உண்மையில் எந்த ஒலியையும் கேட்பதில்லை. ஹயாத்தோ ஓடினால் அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் உருவாகும், வட்டத்துக்குள் நிற்பவனுக்கு ‘இங்கே ஏதோ சத்தம்’ என்று ஒரு தகவல் போகும், அவ்வளவுதான். தேங்கிய நீரில் கால் வைத்தாலும் சத்தம் எழும். பனி பெய்த இடங்களில் காலடித் தடம் பதிந்துவிடும், அதைக் கண்ட காவலாளி தடத்தைப் பிடித்துக்கொண்டே வருவான். தரை காட்டிக்கொடுப்பது கேமில் மட்டும் இல்லை. ஜப்பானின் கியோத்தோ நகரில் உள்ள நிஜோ கோட்டையில் நடந்தால் கீச்சிடும் மரத்தளம் இன்றும் இருக்கிறது. பலகைகளின் அடியில் இருக்கும் இரும்புப் பிடிகள் ஆணிகளோடு உரசுவதால் எழும் ஓசை அது.

அப்புறம் மூளை. ரோந்து, சந்தேகம், தேடல், எச்சரிக்கை என்று சில நிலைகள், எந்தச் சம்பவம் நடந்தால் எந்த நிலைக்குத் தாவ வேண்டும் என்ற விதிகள். இதற்கு ஸ்டேட் மெஷின் என்று பெயர். முகென் ஒரு சாக்கே (ஜப்பானிய அரிசி மது) பாட்டிலை வழியில் வைப்பான். சாதாரணக் காவலாளி அதைக் கண்டதும் ரோந்தை விட்டுவிட்டு எடுக்கப் போவான். வைக்கோல் தொப்பிக்காரன் இடத்தை விட்டு நகர மாட்டான். யூகி குழல் ஊதி அழைத்தாலும் வர மாட்டான். இப்படி ஒருவனை உருவாக்கப் புதிதாக ஒரு மூளை எழுத வேண்டியதில்லை. ரோந்திலிருந்து ‘போய்ப் பார்’ என்ற நிலைக்குச் செல்லும் வழியை அடைத்துவிட்டால் போதும். ஒரு விதியை நீக்கியதும் அசைக்க முடியாத ஓர் ஆள் பிறந்துவிடுகிறான். இரை வைக்கும் பழக்கம் பழையது. 1998இல் பிளேஸ்டேஷனில் வந்த ‘தென்ச்சு’ கேமிலேயே விஷம் கலந்த சோற்றுருண்டையைக் காவலாளியின் வழியில் போட்டு வைக்க முடியும்.

தேடல் நிலையில்தான் அறியாமை மிக நுட்பமாக வேலை செய்கிறது. ஹயாத்தோ ஓடி ஒளிந்ததும் காவலாளிக்குக் கொடுக்கப்படுவது அவனைக் கடைசியாகப் பார்த்த இடம் மட்டுமே. அவன் அங்கே போவான், சுற்றுமுற்றும் தேடுவான், ஒன்றும் கிடைக்காவிட்டால் சிறிது நேரத்தில் அந்த நினைவு அழிக்கப்பட்டு ரோந்துக்குத் திரும்புவான். போகும் வழியைக் கண்டுபிடிக்க இத்தகைய கேம்களில் பரவலாகப் பயன்படுவது ஏ-ஸ்டார் என்ற கணக்குமுறை. 1968இல் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில், ஷேக்கி என்ற ரோபோவுக்கு வழி சொல்ல உருவானது அது. தேடும்போது காவலாளி தனக்குத்தானே ஏதாவது முணுமுணுத்தால் அது நமக்காக வைத்தது. அவன் எந்த நிலையில் இருக்கிறான் என்று தெரியாவிட்டால் நம்மால் திட்டமே போட முடியாது.

வைக்கோல் தொப்பிக்காரனையும் ஏமாற்ற வழி உண்டு. அவன் கால்தான் நகராது, கழுத்து திரும்பும். ஹயாத்தோ ஒரு கல்லை எறிந்தால் சத்தம் வந்த பக்கம் அவன் பார்வை போகும், அந்தச் சில நொடிகளில் முதுகுப்பக்கமாகக் கடந்துவிடலாம். இருவர் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றால் இந்த உத்தி போதாது. ஒருவனை வீழ்த்தினால் மற்றவன் பார்த்துவிடுவான், எச்சரிக்கை எழும், பக்கத்துக் கட்டடங்களிலிருந்து இன்னும் பலர் ஓடி வருவார்கள். அதற்காகத்தான் ஷேடோ மோட் என்ற வசதி இருக்கிறது. ஹயாத்தோவுக்கு ஒரு செயல், யூகிக்கு ஒரு செயல் என்று முன்கூட்டியே பதிந்துவைத்து ஒரே விசையில் இரண்டையும் ஓடவிடலாம். இருவரும் ஒரே கணத்தில் விழுந்தால், பார்ப்பதற்குக் கண் மிச்சம் இருக்காது.

ஐகோ இன்னும் நேரான வழியில் போவாள். மாறுவேடத்தில் காவலாளியிடமே சென்று பேச்சுக் கொடுப்பாள், அவன் பார்வை அவளிடம் நிலைத்து நிற்கும்போது மற்றவர்கள் பின்னால் நழுவுவார்கள். காவலாளிகளின் கூட்டத்தில் எதிரிச் சாமுராய் ஒருவன் இருந்தால் மட்டும் இந்தத் திட்டம் நடக்காது. அவனுக்கு மாறுவேடம் என்ற விதியே பொருந்தாது. எந்த உடையில் வந்தாலும் அவனுக்கு அவள் ஐகோதான்.