வெரிகேட்டட்: தமிழில் எப்படிச் சொல்வது?

பாளையங்கோட்டைப் பக்கம் எந்த நர்சரிக்குப் போனாலும் காதில் விழுகிற சொல் இது. "அண்ணாச்சி, இதுல வெரிகேட்டட் இருக்கா?" என்று கேட்டால், பச்சை இலையில் வெள்ளையோ மஞ்சளோ கலந்த செடியை எடுத்து வைப்பார். மூலம் லத்தீன், 'வாரியஸ்' என்றால் பலவிதமான, பல நிறமான. இலையின் வெளிறிய பகுதியில் பச்சையம் இருக்காது, அல்லது குறைவாக இருக்கும். அங்கே உணவு தயாராவதில்லை, அல்லது குறைவாகவே தயாராகும். அதனால்தான் இந்தச் செடிகள் மெதுவாக வளர்கின்றன; உச்சிவெயில் பட்டால் முதலில் கருகுவதும் அந்த வெள்ளைதான். முழுப் பச்சையாக ஒரு தளிர் வந்தால் அடியோடு வெட்டிவிட வேண்டும். விட்டால் அது வேகமாக வளர்ந்து மற்றதை அமுக்கிவிடும்.

'பன்னிற இலை' என்று எழுதுவார்கள். தப்பில்லை, ஆனால் நிறம் எங்கே, எப்படி விழுந்திருக்கிறது என்று அது சொல்லாது. அதற்கு நம்மிடம் தனித்தனிச் சொல்லே உண்டு. கோடாக ஓடினால் வரி: வரிப்புலி, வரிக்குதிரை. திட்டாக விழுந்தால் மறை. இது மாட்டுத் தொழுவத்துச் சொல், செம்மறை மாடு என்பது அப்படி வந்ததுதான். ஓரத்தில் மட்டும் நிறம் மாறினால் கரை. சேலை நெய்யும் வீரவநல்லூர்த் தறிக்காரருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. என் ஓட்டு வரியிலைக்கும் கரையிலைக்கும். மறையிலை என்றால் ஏதோ ஒளிந்திருக்கும் இலை என்று படித்துவிடுவார்கள்.

சரி, படத்தில் பார்த்து ஆசைப்படுகிறோமே, வெள்ளைக்கரை போட்ட குட்டி ஹோஸ்டா செடி, அதை எப்படிச் சொல்வது? விருந்தோம்புகிறவரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நிக்கோலஸ் தாமஸ் ஹோஸ்ட் என்ற ஆஸ்திரிய மருத்துவரின் நினைவாக 1812இல் வைத்த பெயர். ஆள் பெயர் என்பதால் மொழிபெயர்க்க வேண்டாம். கரை ஹோஸ்டா என்றாலே போதும்.

ஆனால் நெல்லையில் அதற்குக் காசைப் போடாதீர்கள். ஜப்பான், கொரியா, சீனப் பக்கத்துச் செடி அது; வருஷத்தில் சில வாரங்கள் கடுங்குளிரில் உறங்கினால்தான் மறுபடி நன்றாகத் துளிர்க்கும். மலைமேல் இருக்கிற மாஞ்சோலை ஊரில்கூட அந்தக் குளிர் கிடையாது.

வேப்பமர நிழலுக்கு மஞ்சள் கரை போட்ட மருள் செடி இருக்கிறது. ஹோஸ்டாவும் அதுவும் ஒரே குடும்பம், தண்ணீர்விட்டான் கிழங்கின் குடும்பம். நர்சரியில் "மஞ்சக்கரை மருள் இருக்கா?" என்று கேட்டுப் பார்த்தேன். அண்ணாச்சி கொஞ்ச நேரம் முழித்தார். அப்புறம், "ஸ்நேக் பிளாண்ட்டா? அப்படிச் சொல்லுங்க" என்றார்.