நைட்ரைடிங் செய்த கிராங்க் சாப்ட்டை கிரைண்ட் செய்யும் முன்

திருகோணமலை கொட்பே துறைமுகத்திலிருந்து ஆழ்கடலுக்குச் செல்லும் பலநாள் படகுகளின் டீசல் என்ஜின் திருத்த வேலைக்கு வந்தால், தேய்ந்த கிராங்க் சாப்ட்டை (பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் உருக்குத் தண்டு) கிரைண்ட் செய்து, அதாவது மேற்பரப்பைச் சீராக அரைத்தெடுத்து, குறைந்த அளவுக்கேற்ற பேரிங்கைப் பொருத்துவது வழக்கம். அந்தச் சாப்ட்டின் மேற்பரப்பு நைட்ரைடிங் முறையில் (நைதரசனைச் செலுத்தி) கடினமாக்கப்பட்டதா என்று கேட்கும் படகு உரிமையாளர்கள் மிகச் சிலரே. அந்தக் கேள்வியை எல்லோரும் கேட்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நைட்ரைடிங்கில், அமோனியா வாயு செலுத்தப்படும் உலையில் உருக்கை ஏறத்தாழ 500 முதல் 550 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் பல மணி நேரம், சில வேளைகளில் இரண்டு மூன்று நாட்கள்கூட, வைத்திருப்பார்கள். அமோனியாவிலிருந்து பிரியும் நைதரசன் மேற்பரப்பினுள் ஊடுருவி, உருக்கிலுள்ள குரோமியம், அலுமினியம், மொலிப்டினம் போன்றவற்றுடன் சேர்ந்து மிக நுண்ணிய, மிகக் கடினமான துகள்களாகிறது. எண்ணெயிலோ நீரிலோ திடீரெனக் குளிர்விக்க வேண்டியதில்லை என்பதால் சாப்ட் கோணுவதும் அரிது.

ஆனால் அந்தக் கடினப் படை பொதுவாக 0.2 முதல் 0.5 மில்லிமீற்றர் ஆழமே உள்ளது. அதிலும் உள்ளே போகப் போகக் கடினம் குறைந்துகொண்டே வரும். விட்டத்தில் 0.25 மில்லிமீற்றர் எடுத்தால் ஒவ்வொரு பக்கமும் 0.125 போய்விடுகிறது, அடுத்த முறை கிரைண்ட் செய்யும்போது எஞ்சுவது அநேகமாக மென்மையான உருக்குத்தான். சீரற்றுத் தேய்ந்த சாப்ட்டில் ஒரு பக்கம் இதைவிடக் கூடுதலாகவே போகும். தேய்மானம் விரைவது மட்டுமல்ல, இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. ஜேர்னல் (பேரிங்கினுள் சுழலும் பகுதி) பக்கச் சுவருடன் சேரும் வளைந்த மூலையில் நைட்ரைடிங் ஏற்படுத்தியிருந்த அமுக்கத் தகைப்பே (மேற்பரப்பை நெருக்கி இறுக்கும் விசை) அங்கே வெடிப்புத் தொடங்காமல் காத்துவந்தது. அந்த மூலையையும் கிரைண்ட் செய்துவிட்டால், கரையிலிருந்து வெகு தொலைவில் சாப்ட் முறியக்கூடும்.

எல்லாச் சாப்ட்டும் இப்படியல்ல. இன்டக்‌ஷன் முறையில் (மின்தூண்டலால் மேற்பரப்பைச் சூடாக்கிச் சட்டெனக் குளிர்வித்து) கடினமாக்கப்பட்டவற்றில் படை சில மில்லிமீற்றர் ஆழம் இருப்பதால் அவை கிரைண்டிங்கைத் தாங்கும். எது எந்த வகை என்பதை என்ஜின் கையேட்டில் முதலில் பாருங்கள். கடினத்தை அளப்பவர்கள், கூரிய முனையைச் சுமையால் அழுத்தி அளக்கும் ரொக்வெல் சி அளவுகோலைத் தவிர்க்க வேண்டும். அதன் 150 கிலோ சுமை மெல்லிய படையை ஊடுருவிப் பிழையான எண்ணைக் காட்டும். குறைந்த சுமையில் விக்கர்ஸ் சோதனை செய்வதே பொருத்தம்.

நைட்ரைடிங் செய்த சாப்ட்டை பிரஸ்ஸில் வைத்து நிமிர்த்தினால் கடினப் படையில் வெடிப்பு விழலாம். வெல்டிங் செய்து நிரப்பினால் நைதரசன் வாயுவாக வெளியேறி வெல்டில் துளைகள் விழும். மறுபடியும் நைட்ரைடிங் செய்விக்க வசதியில்லாவிட்டால், கடினப் படை போன சாப்ட்டைக் கழித்துவிட்டுப் புதியது வாங்குங்கள். செலவு அதிகம்தான், ஆயினும் அந்த என்ஜினை நம்பித்தான் படகிலுள்ள அத்தனை பேரும் கரை திரும்ப வேண்டும்.