உதவிக் கைக்கு ஒரு வேலை

நான்கு வயதுக் குழந்தை சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்கிறது. வயிற்றோடு அணைத்து, பல்லால் கடித்து, வலது கையால் இழுக்கிறது. இடது கை மணிக்கட்டில் மடங்கி, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் ஒளிந்தபடி, நெஞ்சருகே சும்மா இருக்கிறது.

ஒருபக்கப் பெருமூளை வாதம் (செரிபிரல் பால்சி) உள்ள பல குழந்தைகள் இப்படித்தான் சமாளிக்கிறார்கள். பிறக்கும் முன்போ பிறந்த சமயத்திலோ மூளையின் ஒரு பாதி பாதிக்கப்பட்டிருக்கும். இடது கையை ஆள்வது வலது மூளை என்பதால், பாதிப்பு எதிர்ப்பக்கத்தில் தெரியும். ஒரு வயதுக்குள்ளேயே குழந்தை எப்போதும் ஒரே கையை நீட்டினால், "கைப்பழக்கம் போல" என்று விட்டுவிடாதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள்.

பாதிப்பு மூளையில் என்றால் கைக்கு எதற்குப் பயிற்சி? பிறக்கும்போது மூளையின் ஒவ்வொரு பாதியிலிருந்தும் இரண்டு கைகளுக்கும் நரம்புப் பாதைகள் ஓடுகின்றன. வளர வளர எதிர்ப்பக்கத்துக்குப் போகும் பாதை வலுக்கும். அதே பக்கத்துப் பாதை மெலியும். எது நிலைக்கும் என்பதில் பயன்பாட்டுக்குப் பெரும்பங்கு உண்டு. காயப்பட்ட பாதி பின்தங்கினால், நல்ல பாதியே இரண்டு கைகளையும் ஆள்வதும் உண்டு. அதனால்தான் சில குழந்தைகளுக்கு ஒரு கையை மடக்கினால் மற்ற கையும் கூடவே மடங்குகிறது.

எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க ஆய்வாளர் குரங்குகளிடம் ஒன்றைக் கண்டார். உணர்வை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பு வெட்டப்பட்ட கையை அவை பயன்படுத்தவே இல்லை. நல்ல கையைக் கட்டிவைத்ததும் பயன்படுத்தின. அசைக்க முடியும், ஆனால் அசைக்காமல் பழகிவிட்டன. (அந்தக் குரங்குகள் நடத்தப்பட்ட விதம் 1981-ல் வழக்கானது. அந்த வலியையும் நாம் மறக்கக் கூடாது.) குழந்தைகளுக்கு இது விளையாட்டாக மாறியது: நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு, இன்னொரு கையால் தினமும் சில மணி நேரம் விளையாட்டு.

ஆனால் சட்டை பட்டனுக்கு இரண்டு கையும் வேண்டுமே! கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ கார்டனும் ஜீன் சார்ல்ஸும் உருவாக்கிய முறையில் கையைக் கட்டுவதில்லை. இரண்டு கை இல்லாமல் முடியாத விளையாட்டுகளாகவே தருகிறார்கள். தினமும் 6 மணி நேரம், 15 நாள். இரண்டு முறைக்கும் ஒரே 90 மணி நேரம் கொடுத்து ஒப்பிட்டபோது, முன்னேற்றம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. குழந்தை தானாகவே, திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பிறர் கையைப் பிடித்து நீட்டி மடக்குவது அதற்கு ஈடாகாது.

இங்கேதான் அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டின் திறமை தெரிகிறது. "அந்தக் கையால பிடி" என்று அதட்டும் வீடுகளைப் பார்த்தால் எனக்கு மனசு வலிக்கும். கொஞ்ச நாளில் குழந்தைக்கு அந்தக் கையே வெறுத்துப்போகும். நல்ல தெரபிஸ்ட் அதட்டுவதில்லை, சாமானை மாற்றுகிறார். முதலில் லேசாக மூடிய பிளாஸ்டிக் டப்பா, உள்ளே மணி. டப்பா வழுக்காமலிருக்க அதைச் சுற்றி ரப்பர் பேண்ட். இடது கை அழுத்திப் பிடித்தால் போதும், திருகுவது வலது கை. அது கைவந்ததும் மூடி கொஞ்சம் இறுகும். அப்புறம் டப்பா மேசையிலிருந்து மேலே போகும்; இப்போது இடது கை தூக்கியும் பிடிக்க வேண்டும். இன்னொரு நாள் பட்டாணி உரிப்பது.

அந்த இடது கை வலது கையைப் போல எழுத வேண்டியதில்லை. சிப்ஸ் பாக்கெட்டின் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டால் போதும், பல்லுக்கு வேலை இல்லை.