‘இரட்டைப் பார்வை’ அல்ல, ‘இருகண் நோக்கு’

போன மாதம் ஓர் ஆசிரியர் பயிற்சியில் உட்கார்ந்திருந்தேன். சூழல் கல்வியில் பூர்வகுடிகளின் உலகநோக்கையும் மேற்கத்திய உலகநோக்கையும் எப்படிச் சேர்த்துச் சொல்லித்தருவது என்பது அன்றைய பேச்சு. நல்ல பேச்சுதான். ஆனால் இப்படி இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் அணுகுமுறையின் ஆங்கிலப் பெயரான ‘டூ ஐட் சீயிங்’ (Two-Eyed Seeing) என்பதற்குத் திரையில் ‘இரட்டைப் பார்வை’ என்று போட்டிருந்தார்கள். இதே மொழிபெயர்ப்பை ஏற்கெனவே இரண்டு கட்டுரைகளில் பார்த்துவிட்டேன். இனியும் சும்மா இருக்க மனம் வரவில்லை.

இரட்டைப் பார்வை என்பது தமிழில் ஏற்கெனவே புழங்கும் சொல். அது ஒரு கண் கோளாறின் பெயர். சர்க்கரை நோயால் என் அம்மாவுக்குக் கண்ணை அசைக்கும் நரம்பு பாதிக்கப்பட்டபோது அது வந்தது. ஒரு டம்ளர் இரண்டாகத் தெரியும். எதில் ஊற்றுவது என்று புரியாமல் காபியை இரண்டுக்கும் நடுவே மேடையில் ஊற்றிவிடுவார். மருத்துவர் முதலில் செய்தது, ஒரு கண்ணை மூடிக் கட்டியதுதான். உடனே டம்ளர் ஒன்றானது. மூலச்சொல்லோ, எந்தக் கண்ணையும் மூடாதே என்கிறது. ஒரு கண்ணை மூடினால் தீரும் கோளாறின் பெயரை அதற்குச் சூட்டலாமா?

மூலம் ஆங்கிலமும் அல்ல. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில், கேப் பிரெட்டன் தீவில் வாழும் மிக்மாக் பூர்வகுடி மக்களின் மொழியில் இது ‘எதுவாப்தமும்க்’. அந்தத் தீவிலுள்ள எஸ்கசோனி என்ற மிக்மாக் ஊரைச் சேர்ந்த மூத்தவர் ஆல்பர்ட் மார்ஷல் 2004இல் இதைக் கல்வித் துறைக்குக் கொண்டுவந்தார். அவருடைய மனைவி மர்டீனா மார்ஷலும் உயிரியலாளர் ஷெரில் பார்ட்லெட்டும் உடன் உழைத்தார்கள். ஒரு கண்ணால் பூர்வகுடி அறிவின் வலிமையைப் பார், மறு கண்ணால் மேற்கத்திய அறிவின் வலிமையைப் பார், இரண்டையும் சேர்த்தே பயன்படுத்து. இவ்வளவுதான் பொருள்.

விலாங்கு மீனை எடுத்துக்கொள்ளுங்கள். மிக்மாக் மொழியில் ‘கதாக்’. குளிர்காலத்தில் உறைந்த நீரின் எந்த இடத்தில் துளை போட்டால் கீழே சேற்றில் அது புதைந்து கிடக்கும் என்று ஊர்ப் பெரியவருக்குத் தெரியும். ஈட்டியை இறக்கிக் குத்தி எடுப்பார்கள். உரித்த தோலைச் சுளுக்குக்குச் சுற்றிக் கட்டுவதும் உண்டு. அதே விலாங்கு முட்டையிட வெகுதூரம் தெற்கே, அட்லாண்டிக் பெருங்கடலில் உள்ள சர்காசோ கடலுக்குப் போகிறது என்கிறது கடல் உயிரியல். பெரியவர் சொல்வதைச் சர்காசோ பொய்யாக்குவதில்லை. சேற்றை அறியாதவருக்குச் சர்காசோ மட்டும் போதாது.

‘சரி, அப்படியானால் ஒருங்கிணைந்த பார்வை என்று வைக்கலாமே?’ என்று பயிற்சியில் ஒருவர் கேட்டார். இரண்டு கண்ணும் சேர்ந்து ஒரே காட்சியைத்தானே தருகின்றன என்பது அவர் வாதம். காட்சி ஒன்றாகலாம், கண்கள் ஒன்றாவதில்லை. அவை தள்ளித் தள்ளி இருப்பதால் நமக்கு ஆழம் துல்லியமாகத் தெரிகிறது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள், புரியும். கேப் பிரெட்டன் பல்கலைக்கழகத்தில் மார்ஷல் தம்பதியும் பார்ட்லெட்டும் நடத்திய படிப்பின் ஆங்கிலப் பெயரில் ஒருங்கிணைப்பு என்ற சொல் இருந்தது உண்மைதான். ஆனால் அதன் மிக்மாக் பெயருக்கு, நம் அறிவுகளை ஓரிடத்தில் கொண்டுவருதல் என்று பொருள். கொண்டுவருவது வேறு, கரைப்பது வேறு. கரைத்தால் எது கரையும் என்பது தெரிந்ததுதானே? ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்பார்களே, அது நடக்கும். மேற்கத்திய அறிவு பாடமாக நிற்கும், பூர்வகுடி அறிவு பெட்டிச் செய்தியாகச் சுருங்கும். ‘மரபும் அறிவியலும்’ என்ற இன்னொரு மொழிபெயர்ப்பு இதை வெளிப்படையாகவே செய்கிறது: விலாங்கு கிடக்கும் இடத்தைத் தலைமுறைகளாகக் கவனித்து அறிந்தது அறிவியல் இல்லையாம்.

என் பரிந்துரை ‘இருகண் நோக்கு’. இரண்டு அறிவுகளைக் கண் என்று சொல்வது நமக்குப் புதிதல்ல. எண்ணும் எழுத்தும் கண் என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறார். பார்வை என்றால் கண் மருத்துவமனை நினைவுக்கு வரும், பெயராக மட்டுமே நிற்கும். நோக்கு பெயரும் ஆகும், வினையும் ஆகும். மிக்மாக் மொழி வினைச்சொற்கள் மிகுந்தது. அதற்கு இது பொருந்தும். கூர்ந்து கவனிப்பது என்ற பொருளும் அதில் உண்டு.

அகராதியில் சொல்லுக்குச் சொல் பார்த்து ஒட்டும் பழக்கம்தான் இத்தனைக்கும் காரணம். அதே பயிற்சியில் ‘நெதுகுலிம்க்’ என்ற மிக்மாக் சொல்லுக்கு ‘நிலையான வளர்ச்சி’ என்று போட்டிருந்தார்கள். இயற்கை தருவதை அதன் நலம் கெடாமல், தேவைக்கு எடுத்துப் பிழைப்பது என்பது அந்தச் சொல். அதில் வளர்ச்சி எங்கே இருக்கிறது? மொழிபெயர்ப்பாளர் தன் பையில் இருந்ததை எடுத்து வைத்துவிட்டார். இப்படிப்பட்ட சொற்களை முதல் முறை எழுதும்போது மிக்மாக் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதி, பக்கத்தில் பொருளை ஒரு வரியில் சொல்லிவிடலாம். அடுத்த பயிற்சிக்குள் அந்தத் திரையில் ‘எதுவாப்தமும்க் – இருகண் நோக்கு’ என்று மாற்றும்படி ஒருங்கிணைப்பாளருக்கு எழுதியிருக்கிறேன்.